மூன்று வருடத்தில் கேமராவில் நான் மாற்றிய இரண்டு செட்டிங்

இந்த மிரர்லெஸ் கேமராவை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஏபிஎஸ்-சி சென்சார், பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ். இத்தனை நாளில் என் படங்களில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தைக் கொண்டுவந்தவை பவர் சேவ் (எவ்வளவு நேரம் தொடாமல் விட்டால் கேமரா தூங்கிப்போகும் என்பது), ஷட்டர் வேகம் (சென்சார் மீது வெளிச்சம் விழும் நேரம்) என்ற இரண்டு செட்டிங்தான்.

வாங்கிய புதிதில் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே என்று, பவர் சேவ் நேரத்தை இருப்பதிலேயே குறைவாக, 10 வினாடிக்கு வைத்தேன். மகள் முதன்முதலாக எதையும் பிடிக்காமல் நாலு அடி நடந்தபோது கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. ஆனால் தூங்கிப் போயிருந்தது. அது விழித்து, திரை வந்து, ஃபோகஸ் பிடிப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படம் என்னிடம் இல்லை. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

அன்றே 1 நிமிடத்துக்கு மாற்றினேன். சார்ஜை வேறு இடங்களில் மிச்சம் பிடித்தேன். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பெரிய செலவு. அதனால் திரை வெளிச்சத்தைக் குறைத்தேன். பட்டனைத் தொடாதபோதும் லென்ஸ் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும் வசதியை நிறுத்தினேன். கேமராவை அணைத்த பிறகும் போனோடு ப்ளூடூத் தொடர்பு தொடர்ந்துகொண்டிருந்தது, ஏரோபிளேன் மோடு போட்டதும் அதுவும் நின்றது. அப்புறம் ஒரு பழக்கம்: கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போதே ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திவிடுவேன். கண் வ்யூஃபைண்டரைத் தொடும்போது அது விழித்திருக்கும்.

ஷட்டர் வேகம் பிடிபடத்தான் அதிக நாள் ஆனது. லென்ஸ் துவாரத்தின் அளவை மட்டும் நான் வைக்கும் அபெர்ச்சர் மோடில், வேகத்தைக் கேமராவிடமே விட்டிருந்தேன். வீட்டுக்குள் அது 1/60, 1/80 என்றே தேர்ந்தெடுக்கும். கை நடுக்கத்துக்கு அது போதும்தான்: லென்ஸின் எம்எம் எண்ணை, ஏபிஎஸ்-சி சென்சார் சிறியது என்பதால் 1.5-ஆல் பெருக்கி, 1-ன் கீழ் அந்த எண்ணைப் போட்டால் வரும் வேகமாவது வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 50 எம்எம்மை 1.5-ஆல் பெருக்கினால் 75, ஆக 1/80 சரி. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மகளின் இமை முடி ஒவ்வொன்றும் தெரியும், கைதட்டும் விரல்கள் மட்டும் புகை மாதிரி கலைந்திருக்கும். ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் வசதியும் என் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், எதிரே இருப்பவர் அசைவதை நிறுத்தாது.

ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன். அதைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள்ளேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கிறது. அதை 1/250-க்கு வைத்ததும் விரல்கள் தெளிவாக வந்தன. ஓடி விளையாடும்போது 1/500, ஊஞ்சலுக்கு 1/1000. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறி படத்தில் புள்ளிகள் வரும், வரட்டும். புள்ளிகளைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், கலைந்த முகத்தை மீட்க முடியாது.

எல்இடி விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் வேகத்தை இறக்கிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இப்படி மினுக்கும் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும், அதற்கு 1/100 அல்லது 1/50 ஒத்துவரும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120, 1/60. திரை நகராமல் சென்சாரே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம், நிஜத் திரை நகரும் மெக்கானிக்கலுக்கு மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

இரவு வானத்தைப் படம்பிடிக்கும்போது மட்டும் பவர் சேவ் நேரத்தை 5 நிமிடமாக்குகிறேன். இருட்டில் ஃப்ரேமை யோசித்து நிற்கையில் திரை அணைந்தால் எரிச்சலாக இருக்கிறது. நீண்ட நேரப் படங்களில் புள்ளிகளை நீக்க, அதே நேரத்துக்கு இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுவேன், இல்லையென்றால் 30 வினாடி படத்துக்கு இன்னொரு 30 வினாடி காத்திருக்க வேண்டும், பேட்டரியும் அதற்கேற்ப இறங்கும்.

ஒரே குறை, நமக்குப் பிடித்த செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் என் கேமராவின் கஸ்டம் மோடுகளில் ஷட்டர் வேகம் சேமிக்கப்படுகிறது, பவர் சேவ் நேரம் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் கையால்தான் மாற்ற வேண்டும். அதனால் அதை, அடிக்கடி தேவைப்படுவதை நாமே அடுக்கிக்கொள்ளும் மை மெனுவின் முதல் வரியில் வைத்திருக்கிறேன்.