பிளேட்லெட் லைசேட்: ஃப்ரீசரில் வைப்பதா, உலர்த்தி வைப்பதா?

பிளேட்லெட் லைசேட் என்பது ரத்தத் தட்டணுக்களான பிளேட்லெட்டுகளை உடைத்து எடுக்கும் திரவம். தசைநாண் ஊசிக்கென அதைத் தயாரிக்கும் எங்கள் ஆய்வகத்தில் அதை −80 டிகிரியில் உறைநிலையில் வைப்பதா, உறையவைத்து உலர்த்துவதா என்ற கேள்வி வந்தது. உலர்த்துவது என்று முடிவெடுத்தோம். இன்றும் என் வாக்கு அதற்குத்தான்.

நோயாளியின் ரத்தத்தையே சுழற்றி எடுத்து அன்றே செலுத்தும் பி.ஆர்.பி. (பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) இந்தப் போட்டியில் இல்லை. அதற்குச் சேமிப்புக் கவலை கிடையாது. ஆனால் ஆளுக்கு ஆள் செறிவு மாறும். செல்கள் வெளியிடும் நுண்பைகளான எக்சோசோம்களையும் ஒதுக்கினோம். அனுமதியில்லாத எக்சோசோம் ஊசிகள் குறித்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டது.

பலர் கொடுத்த பிளேட்லெட்டுகளை ஒன்றுசேர்த்து, உறையவைத்து உருக்கினால் அவை உடைந்து பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) வெளிவருகின்றன. செல் கழிவுகளை நீக்கி வடிகட்டினால் லைசேட் தயார். அதை அப்படியே −80-இல் வைப்பது எளிது. எதையும் சேர்க்க வேண்டாம். சிக்கல் பராமரிப்பில்தான். ஃப்ரீசர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஜெனரேட்டர், அலாரம், மாற்று ஃப்ரீசர் எல்லாம் வேண்டும். அனுப்புவதற்கு உலர் பனிக்கட்டி வேண்டும். உருக்கிய குப்பியில் ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் நூல் நூலாகத் திரிவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போடும் சிறு மருத்துவமனையில் இருப்பது 2 முதல் 8 டிகிரி வரையிலான சாதாரண ஃபிரிட்ஜ்தான். கடைசிக் கையில் தாங்காத மருந்தை எவ்வளவு நன்றாகத் தயாரித்து என்ன பயன்?

உலர்த்தலில் வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. புரதங்களைக் காக்க டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்க்கிறோம். நீர் போனபின் அது கண்ணாடிபோல் இறுகிப் புரதங்களை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. முற்றிலும் உலர்ந்த டிரெஹலோஸ் 100 டிகிரிக்கு மேலும் இளகாது. கொஞ்சம் ஈரம் தங்கினாலும் அந்த வரம்பு சரசரவென்று இறங்கிவிடும். அதனால் எஞ்சிய ஈரத்தை 2 சதவீதத்துக்குக் கீழே வைப்பதுதான் எங்கள் முதல் கவலை. நன்றாக உலர்ந்த குப்பியில் வெள்ளைக் கட்டி சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். சுருங்கி அடியில் பிசினாகக் கிடந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 5 சதவீத டிரெஹலோஸ் கரைசலின் ஆஸ்மோலாலிட்டியை, அதாவது அதில் கரைந்துள்ள துகள்களின் செறிவை, கிலோவுக்குச் சுமார் 150 மில்லிஆஸ்மோல் கூட்டுகிறது. பழைய அளவு நீரிலேயே கரைத்தால் ரத்தத்தில் உள்ளதுபோல் 290 இருப்பதற்குப் பதில் 440 வரும், ஊசி எரியும். ஒன்றரை மடங்கு நீரில் கரைத்தால் சரியாகிறது, ஆனால் வளர்ச்சிக் காரணிகளின் செறிவு மூன்றில் இரண்டாகிறது. உப்புக் கரைசலில் கரைக்கவே கூடாது. ஊசிக்கான சுத்த நீர் மட்டுமே.

எங்கள் சோதனைகள் வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களோடு நிற்கின்றன. நோயாளிகளிடம் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. பி.ஆர்.பி.க்கே சான்று பலமாக இல்லை: 2021-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், குதிகால் தசைநாண் வலியுள்ள 240 பேரிடம் அது போலி ஊசியை விட மேலாகச் செயல்படவில்லை. ஆளுக்கு ஆள் செறிவு மாறும் ஒன்றைச் சோதித்து, அளவு போதவில்லையா, மருந்தே பயனற்றதா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே தொகுதித் தூளைப் பல ஊர் மருத்துவமனைகளுக்கு ஃபிரிட்ஜிலேயே அனுப்ப முடிந்தால் அந்தக் கேள்வியை நேராகக் கேட்கலாம். உலர்த்தும் இயந்திரத்துக்கு ஆகும் செலவை நான் நியாயப்படுத்துவது அதை வைத்துத்தான். ஒரே கட்டடத்துக்குள் தயாரித்து அங்கேயே பயன்படுத்துகிறவர்களுக்கு −80 ஃப்ரீசரே போதும்.