ஆர்க்கிடெக்ட் எங்கே உட்கார வேண்டும்?

டீமுக்கு வெளியே இருந்து மென்பொருளின் வடிவமைப்பை மட்டும் தரும் ஆர்க்கிடெக்ட், டீமுக்குள்ளேயே நிரல் எழுதும் ஆர்க்கிடெக்ட், அந்தப் பதவியே இல்லாமல் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் டீம். மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

முதல் வகை என்றதும் எனக்கு ஓர் அம்புக்குறிதான் ஞாபகம் வரும். ஆர்டர் எடுக்கும் நிரலான ஆர்டர் சர்வீஸிலிருந்து, கையிருப்பைச் சொல்லும் ஸ்டாக் சர்வீஸுக்குப் போகும் அம்பு. அவர் தந்த வடிவமைப்புப் படத்தில் அவ்வளவுதான். நிரலில் அது, பதில் வரும்வரை காத்துக் கிடக்கும் அழைப்பு. எத்தனை வினாடி காத்திருக்கலாம் என்று படம் சொல்லவில்லை. நாங்களும் லைப்ரரியில், அதாவது நாங்கள் எடுத்துப் பயன்படுத்திய ஆயத்த நிரலில், இருந்த 30 வினாடியை மாற்றவில்லை. பண்டிகை விற்பனை இரவில் ஸ்டாக் சர்வீஸ் திணறியது. ஆர்டர் சர்வீஸில் வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்கள் மொத்தமும் அங்கேயே மாட்டிக்கொள்ள, ஸ்டாக் விவரமே தேவைப்படாத பக்கங்கள்கூடத் திறக்கவில்லை. 2 வினாடியாகக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. படம் வரைந்தவர் திறமைசாலி. ஆனால் ஆன்கால் பட்டியலில், அதாவது கோளாறு வந்தால் எந்நேரமும் போனில் கூப்பிடப்படுபவர்களின் பட்டியலில், அவர் பெயர் இல்லை. விஷயம் அவர் காதுக்குப் போவதற்குள் அதே படம் இன்னொரு டீமுக்கும் போயிருந்தது.

அதற்காக வெளியே யாருமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அந்த அமைப்பே அவர்கள் கட்டும் மென்பொருளிலும் வந்துவிடும் என்று கணினி வல்லுநர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். பதினைந்து டீம் இருந்தால் வாடிக்கையாளர் விவரம் பதினைந்து விதமாகச் சேரும். அதைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

மூன்றாவது வகைக்கு ஆதரவாக மென்பொருளை எப்படி உருவாக்க வேண்டும் என்று 2001-இல் வந்த அஜைல் பிரகடனத்தைக் காட்டுவார்கள்: நல்ல வடிவமைப்பு தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் டீமிலிருந்துதான் வரும் என்கிறது அது. அனுபவசாலிகள் ஐந்தாறு பேர் என்றால் இது அருமையாக நடக்கும். புதியவர்கள் அதிகம் என்றால், சத்தமாகப் பேசுபவர் சொன்னதே முடிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து ‘இந்த டேட்டாபேஸை ஏன் எடுத்தோம்?’ என்றால் பதில் சொல்ல ஆளிருக்காது. சூழல், முடிவு, விளைவு ஆகியவற்றை ஓரிரு பக்கத்தில் எழுதி நிரலோடு சேர்த்தே வைக்கும் வழக்கத்தை மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்தார். மூன்று வகைக்கும் அது உதவும்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. அப்படி எங்களோடு இருந்த ஒருவர், ரிவ்யூவுக்கு வரும் நிரலில் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்பார்: “எதிர்ப்பக்கம் பதிலே வரலேன்னா, வாங்க வந்தவருக்கு ஸ்க்ரீன்ல என்ன தெரியும்?” சில மாதங்களில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் அதே கேள்வியை என் நிரலில் கேட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. முக்கியமான பகுதியை அவரே எழுத எடுத்துக்கொண்டால், அவர் மீட்டிங்கில் இருக்கும் நாளெல்லாம் டீம் காத்திருக்கும். பிழை திருத்துவது, டெஸ்ட் எழுதுவது, முதல் மாதிரியைச் செய்து பார்ப்பது போன்றவை அவருக்குப் போதும்.

ஒன்றிரண்டு டீம் என்றால் உள்ளே இருக்கும் ஒருவரே போதும். பல டீம் என்றால் வெளியேயும் ஒருவர் இருக்கட்டும். ஆனால் மாதத்தில் ஒரு வாரம் ஏதாவது ஒரு டீமின் ஆன்கால் போன் அவர் கையில் இருக்க வேண்டும்.