தைலம் காய்ச்சக் காப்பர் காயில்: ஆன்லைன் கிட்டும் ஏசி கடை டியூபும்

கோவையில் சின்ன அளவில் கைச்சோப்பு செய்து விற்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தம்பி தோட்டத்து வரப்பு முழுக்க எலுமிச்சைப் புல் நிற்கிறது. புல் சும்மா கிடைக்கும்போது தைலத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவானேன் என்று வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தேன். பானை, அடுப்பு, மூடி எல்லாம் எளிதாக அமைந்துவிடும். புல்லைப் போட்டுக் காய்ச்சும்போது தைலம் ஆவியோடு ஏறும்; அந்த ஆவி தண்ணீர் வாளிக்குள் வைத்த சுருள் குழாய் (காயில்) வழியாக இறங்கிக் குளிர்ந்து, நீரும் தைலமுமாகச் சீசாவில் வடியும். ஆளைச் சோதிப்பது ஆவியைக் குளிரவைக்கும் அந்தச் சுருள்தான். அதை இரண்டு விதமாக வாங்கிப் பயன்படுத்திவிட்டேன். ஒன்று ஆன்லைனில் வந்த ரெடிமேட் கிட். இன்னொன்று காந்திபுரத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் உதிரி சாமான் விற்கும் கடையில் அடிக்கணக்கில் வாங்கி நானே சுற்றிய காப்பர் டியூப். இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இது தைலத்துக்கும் வாசனை நீருக்கும் மட்டும். சாராயம் காய்ச்சுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி குற்றம். அதற்கென்று இப்படிப் பாத்திரம் வைத்திருப்பதும் குற்றம்தான். அந்த எண்ணத்தோடு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

கிட்டில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பானை, மூடியில் ஒரு வெப்பமானி, பிளாஸ்டிக் வாளி, அதற்குள் செப்புச் சுருள் எல்லாம் இருந்தன. பானை நல்ல பானை. கனமான அடி, மூடியும் சரியாக உட்காருகிறது. இன்றைக்கும் அதில்தான் காய்ச்சுகிறேன். குறை எல்லாம் சுருளில். மேலிருந்து கீழே சீராக இறங்கிவர வேண்டிய குழாய், கடைசி இரண்டு சுற்றில் தொய்ந்து, வெளியே வரும் இடத்தில் மறுபடி கொஞ்சம் மேலேறியது. ஆவி குளிர்ந்து நீரானதும் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். பின்னால் வரும் ஆவி அதைத் தள்ளும்போது குபுக்கென்று ஒரு வாய் நீர் கொட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, மறுபடி குபுக். இப்படி விட்டு விட்டுக் கொட்டினால் சீசாவில் மேலே மிதக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒவ்வொரு முறையும் கலங்கிப்போகும். பானைக்குள்ளும் அழுத்தம் ஏறி இறங்கும்.

சுருளின் முனையைச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். காரீயம் கலந்ததா இல்லையா என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பயன்படுத்தும் சாதாரண சால்டரில் காரீயம் உண்டு. தோலில் படும் பொருளுக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம் என்று சுருளைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

ஏசி கடைக்கு வருகிறேன். கடைக்காரர் பெரியவர், நான் கேட்கும் முன்பே அவர்தான் கேட்டார்.

“எதுக்குங்க அம்மிணி, ஏசிக்குங்களா?”

“இல்லைங்க, தைலம் காய்ச்ச. வாளிக்குள்ள சுத்தி வைக்கோணும்.”

“அப்ப 0.8 கனம் எடுத்துக்குங்க. அரை எம்எம் எடுத்தா வளைக்கையிலயே மடங்கிப் போயிருமுங்க.”

3/8 அங்குல டியூப். ஏசிக்கு வருவது மென்மையாக்கப்பட்ட செம்பு, வட்டமாகச் சுருட்டி, உள்ளே தூசி போகாமல் இரண்டு முனையிலும் மூடி போட்டு வருகிறது. முழுச் சுருள் 50 அடி. எனக்கு 15 அடி வெட்டித் தந்தார். கட்டர் சுற்றிச் சுற்றி வந்து டக்கென்று துண்டானதும் முனையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெட்டிய இடம் முழுக்க ஒரே சிவப்பு, விளிம்பு நகக்கனம். செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் அந்த வெட்டில் நடுவே வெள்ளி நிறம் பளிச்சென்று தெரிந்துவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டுமே ஒட்டாது.

அதைவிட நம்பகமான சோதனை தராசு. 0.8 எம்எம் கனமுள்ள 3/8 அங்குலக் குழாய் அடிக்கு 60 கிராம் நிற்கும். அரை எம்எம் கனம் என்றால் அடிக்கு 40 கிராம்கூட வராது. என் 15 அடி 900 கிராமுக்குப் பக்கத்தில் நின்றது, 1,150 ரூபாய் ஆனது. செம்பு விலை ஏறி இறங்குவதால் நீங்கள் போகும்போது இது மாறியிருக்கும். எடைக் கணக்கு மாறாது. வீட்டுக்கு வந்து கிட்டின் சுருளையும் நிறுத்துப் பார்த்தேன், அடிக்கு 40-க்கும் கீழேதான் வந்தது. ஆன்லைனில் வாங்குபவர்கள் நீளத்தோடு எடையையும் கேளுங்கள். எடை சொல்லாத பொருளை வாங்காதீர்கள்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்பதில் பலரும் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். 50 அடிச் சுருளையே வாளிக்குள் திணிப்பவர்கள் உண்டு. கேஸ் அடுப்பில் என் பானை மணிக்கு ஒன்றரை லிட்டர் போல வடிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரின் ஆவி மறுபடி நீராக சுமார் 2,257 கிலோ ஜூல் வெப்பத்தை விட வேண்டும். ஆக என் சுருள் வெளியே தள்ள வேண்டியது ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. செம்பு எஸ்எஸ்ஸைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். அதனால் சுற்றியுள்ள தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்வரை 15 அடியே தாராளம்.

வேலை செய்வது தண்ணீர்தான். அந்த ஒரு கிலோவாட் 20 லிட்டர் பெயின்ட் வாளித் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் 40 டிகிரிக்கு மேல் சூடேற்றிவிடும். காலையில் 26 டிகிரியில் ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரம் கழித்துக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதற்கப்புறம் சுருள் 15 அடியானாலும் 50 அடியானாலும் முனையில் ஆவி புகையத்தான் செய்யும், ஆவியோடு தைலமும் போகும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அத்தர் காய்ச்சுபவர்களிடம் சுருளே கிடையாது. செப்புப் பானையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வரும் ஆவி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியிருக்கும் செப்புக் குடத்துக்குள் இறங்கிக் குளிர்கிறது. தொட்டித் தண்ணீர் சூடாக ஆக அவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நம் வாளிக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

நான் செய்திருப்பது இதுதான். ஒரு ஹோஸை வாளியின் அடிவரை விட்டு, குழாயை மெல்லத் திறந்துவிடுகிறேன். பச்சைத் தண்ணீர் அடியில் சேர, சூடான தண்ணீர் மேலே வாளி விளிம்பருகே போட்ட ஓட்டை வழியாக வழிந்து வெளியேறுகிறது. ஆவி மேலிருந்து இறங்க, குளிர்ச்சி கீழிருந்து ஏறும். மேலே கை சுட வேண்டும், அடியில் சில்லென்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எல்லாம் சரி. வழியும் சுடுதண்ணீரை இன்னொரு வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறேன். சிறுவாணித் தண்ணீரைச் சாக்கடையில் விட மனசு வராது.

சுற்றும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு முனையை டேப் போட்டு அடைத்து, காய்ந்த பொடி உப்பைப் புனல் வழியாக நிரப்பினேன். டியூபை மரக்கட்டையால் தட்டத் தட்ட உப்பு இறங்கி இறுகும். இனி இறங்காது என்னும்வரை நிரப்பி மறுமுனையையும் அடைத்தாயிற்று. உள்ளே உப்பு இருப்பதால் வளைக்கும்போது குழாய் நசுங்காது. நாலு அங்குல பிவிசி குழாயைத் தம்பி தரையில் அழுத்திப் பிடிக்க, அதைச் சுற்றி நிதானமாக வளைத்துக்கொண்டே போனேன். 15 அடிக்கு, இரண்டு முனைக்கும் நீளம் விட்டது போக, பத்துச் சுற்று கிடைத்தது. வேலை முடிந்ததும் வெந்நீர் விட்டால் உப்பு முழுக்கக் கரைந்து வந்துவிடும். மணலும் போடலாம் என்பார்கள். மணல் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும், உப்பில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து சுற்றுகளைச் சம இடைவெளியில் இழுத்துவிட வேண்டும். மூன்று மெல்லிய பிவிசி பட்டைகளில் விரல் அகல இடைவெளியில் குழி வெட்டி, ஒவ்வொரு சுற்றையும் குழியில் உட்காரவைத்துச் செம்புக் கம்பியால் கட்டினேன். இந்தக் கட்டுதான் முக்கியம். இது இல்லாவிட்டால் சுருள் தன் எடையிலேயே நாளடைவில் தொய்ந்து, கிட்டின் சுருளுக்கு வந்த அதே வியாதி வந்துவிடும். சரியாக இறங்குகிறதா என்று பார்க்க மேல்முனையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். கீழே அப்படியே வந்துவிட்டது, உள்ளே ஒன்றும் தங்கவில்லை. காசு கொடுத்துச் சுருள் வாங்கினாலும் இந்த ஒரு டம்ளர் தண்ணீர்ச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

முனைகளை இணைக்க ஈயமே வேண்டியதில்லை. அதே கடைக்குப் பக்கத்தில் ஏசி மெக்கானிக் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே இருந்த மெக்கானிக் தம்பி, “பத்த வைக்க வேண்டாம்க்கா, ஃபிளேர் அடிச்சுத் தர்றேன். கழட்டிக் கழுவிக்கலாம்” என்றார். டியூப் முனையைக் கருவியில் மாட்டி விரித்து, பித்தளை ஃபிளேர் நட் போட்டுத் தந்தார். ஸ்பேனர் இருந்தால் போதும், காயிலைத் தனியாகக் கழற்றிவிடலாம். நட்டுகளோடு சேர்த்து 200 ரூபாய் வாங்கினார். எனக்கு இந்த முழு அமைப்பிலேயே நிறைவு தந்தது இந்தச் சேவைதான். வாளியிலிருந்து குழாய் வெளியேறும் இடத்தில் டேங்க் நிப்பிளும் ரப்பர் வாஷரும் போட்டிருக்கிறேன், சொட்டு ஒழுக்கு இல்லை.

பாதுகாப்பு விஷயம் இரண்டு. காயிலின் கீழ்முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், அங்கே திருகுக் குழாய், வால்வு எதுவும் போடக் கூடாது. இலைத்துணுக்கு மேலே ஏறி அடைத்தால் பானை வெடிக்கும் நிலைக்குப் போய்விடும். அதனால் இலைக்கு மேல் ஓட்டைத் தட்டு ஒன்று வைக்கிறேன், அடுப்பைப் பற்ற வைக்கும் முன் காயிலை வாயால் ஊதிப் பார்க்கிறேன். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டுகிறேன். அழுத்தம் ஏறினால் முதலில் மாவு விட்டுக்கொடுத்துவிடும். இரண்டாவது, தைல ஆவி தீப்பிடிக்கும். வடியும் சீசா அடுப்பிலிருந்து எட்டி இருக்கட்டும்.

காய்ச்சிய பலன்? ஒருநாள் நிழலில் வாடவிட்ட எலுமிச்சைப் புல் ஒன்றரை கிலோவுக்கு நாலைந்து மில்லி தைலம் வருகிறது. பச்சைப் புல்லில் தைலம் அவ்வளவுதான் இருக்கும், நூற்றுக்கு அரைப் பங்குகூடக் கிடையாது. கிட்டின் காயிலில் வந்ததைவிடச் சீராக, ஒரே நூலாக வடிகிறது. வெளிறிய மஞ்சள் எண்ணெய் சீசாக் கழுத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது, ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடலாம். குறுகிய கழுத்துள்ள சீசாவில் பிடித்தால்தான் இவ்வளவு குறைந்த எண்ணெய் கண்ணுக்கே தெரியும்.

செம்பின் குறையையும் சொல்ல வேண்டும். ஈரத்தோடு விட்டால் உள்ளே களிம்பு ஏறும், அடுத்த முறை முதலில் வடியும் நீர் பச்சையோடும். ஆகவே புதுக் காயிலைப் புளியும் உப்பும் கரைத்த வெந்நீர் விட்டு அலசி, வெறும் தண்ணீரை ஒருமுறை காய்ச்சி வடித்துக் கொட்டிவிட்ட பிறகே இலையைப் போட வேண்டும். ஒவ்வொரு முறை முடிந்ததும் ஊதி உலர்த்தி, முனைகளை மூடி வைக்கிறேன். சோப்புக்கும் வீடு துடைக்கவும் இதில் வடித்த நீர் போதும். வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கிற ஓமத் தீநீரை மட்டும் இந்தக் காயிலில் வடிப்பதில்லை. வாயில் போகிற எதற்கும் எஸ்எஸ் அல்லது கண்ணாடிக் குழாய்தான் என் முடிவு. புளிப்புள்ள நீர் செம்பைக் கரைக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த யோசனையே வேண்டாம்.

கடைக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மார்க் குறைத்தது, வெட்டிய முனையின் பிசிறைச் சீவித் தராமல் விட்டதற்காக. ஒரு சின்ன அரத்தால் நீங்களே சீவிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே விழும் துகளைத் தட்டி எடுத்துவிடுங்கள். மெக்கானிக் பட்டறைக்கு முழு மதிப்பெண். ஆன்லைன் கிட்டைப் பானைக்காக மட்டும் வாங்கலாம், ஆனால் அந்த விலைக்குப் பாத்திரக் கடையில் இன்னும் பெரிய பானையே கிடைக்கும்.

எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ், துளசி மாதிரி இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவதற்கு இந்த 3/8 அங்குலமும் பெயின்ட் வாளியும் பொருந்தும். வெட்டிவேர் காய்ச்ச நினைப்பவர்களுக்கு இது போதாது. அதன் தைலம் இறங்க ஒரு முழுப் பகலும் அதற்கு மேலும் ஆகும், அவ்வளவு நேரம் வாளித் தண்ணீரோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்கள் அரை அங்குல டியூபும் 200 லிட்டர் டிரம்மும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த டிரம்மில் தண்ணீர் மணிக்கு நாலு டிகிரிதான் ஏறும்.