பழைய எஸ்டீம் காருக்கு என்ஜின் தேடுகிறீர்களா? என் 38,500 ரூபாய் போன வழியைப் படித்துவிட்டுத் தேடுங்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்கு, வாங்கிய என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதே எழுத உட்கார்ந்தேன். வசவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இன்று எழுதுகிறேன். கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

38,500 ரூபாய். என்ஜினுக்கு 36,000, லாரி வாடகையும் இறக்குகூலியும் 2,500. அந்தப் பணத்துக்கு வாங்கிய பொருள் இப்போது அம்மாப்பேட்டையில் என் வீட்டு வாசலில், சாக்கின் மேல் வெள்ளிப் பெயின்ட் மினுக்கிக்கொண்டு கிடக்கிறது.

வண்டி 1997ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். அப்பா வாங்கியது. ஜப்பானில் சுசுகி கல்டஸ் என்ற பெயரில் ஓடிய அதே கார்தான். 1298 சிசி, கார்புரேட்டர் வைத்த 65 குதிரைத்திறன் என்ஜின். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதன் மேல் உட்காரும் ஹெட் இரண்டும் அலுமினியம். சூடு தாங்காது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ரேடியேட்டர் மின்விசிறியை ஓட வைக்கும் ஸ்விட்ச் செத்துப் போயிருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்! அடுத்த வளைவில் நிறுத்தலாம், அதற்கு அடுத்ததில் நிறுத்தலாம் என்று ஒண்டிக்கடை வரைக்கும் ஓட்டிவிட்டேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஹெட்டைப் பார்த்தார். "தம்பி, ஹெட் வளைந்திருக்கிறது, சீவிக்கொடுத்துவிடலாம். சிலிண்டரிலும் கோடு விழுந்திருக்கிறது. பிஸ்டன் செட் கொண்டு வந்தால் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுத் தருகிறேன். கொஞ்சம் காத்திருக்க வேண்டும்" என்றார். எஸ்டீம் தயாரிப்பு 2007இலேயே நின்றுவிட்டது. நல்ல பிஸ்டன் செட் கிடைக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார். அந்த ஒரு மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. முழு என்ஜினாகவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டிலேயே கிளட்ச், டைமிங் பெல்ட் எல்லாம் மாற்றிப் பழகியவன் என்ற தலைக்கனம் வேறு.

பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் எல்லோரும் வைத்திருக்கும் செயலிகளில் ஒன்றில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். பழைய கார்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் வெளியூர்க் கடை. "எஸ்டீம் என்ஜின், ஓடும் நிலை, 60,000 கிலோமீட்டர்." அழைத்தேன். அடுத்த நிமிடமே கடைக்காரன் 40 நொடி வீடியோ அனுப்பினான். மரச் சட்டத்தில் நிறுத்திய என்ஜின் பதமாக ஓடுகிறது. சைலன்சர் குழாயருகே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் காட்டுகிறான், கறை இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்து காட்டுகிறான், புகை இல்லை. நான் சத்தத்தைக் கேட்டேன், துணியைப் பார்த்தேன். என்ஜினைப் பார்க்கவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

நான் விழுந்த இடம் வீடியோ அல்ல, பேச்சு. "வண்டியை யார் பிரிக்கிறார்கள் தம்பி?" என்று கேட்டான். நானேதான் என்றேன். "அப்படியா! கை பழகிய ஆளுக்குக் கொடுப்பதில்தான் எனக்குத் திருப்தி. மெக்கானிக்குக்குக் கொடுத்தால் கமிஷன் கேட்பார், பிறகு குறை சொல்வார்" என்றான். பேச்சுக்கு நடுவே பின்னால் ஒரு குழந்தை அழுதது. "கண்ணு, அப்பா பேசி முடித்துவிட்டு வருகிறேன்" என்று சமாதானப்படுத்தினான். பிள்ளைகுட்டிக்காரன், ஏமாற்ற மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். "வாருங்கள். ஆனால் பாலக்காட்டிலிருந்து ஒருவர் நாளைக் காலையே வண்டி எடுத்து வருகிறார். உங்களுக்காக இன்று மாலை வரை நிறுத்தி வைக்கிறேன்" என்றான். அன்று மாலையே 36,000 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பினேன். பதினைந்து நாள் வாரண்டி என்று வாயால் சொன்னான்.

அந்தப் பதினைந்து நாளைக் கவனியுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு ஞாயிறுதோறும் வீட்டில் காரைப் பிரிக்கிறவனுக்குப் பதினைந்து நாள் என்றால் இரண்டு ஞாயிறு. முதல் ஞாயிறு மாமா வீட்டிலிருந்து பளு தூக்கும் செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, வாசலில் முக்கோணக் குழாய் நட்டு, பழைய என்ஜினை இறக்கினேன். இரண்டாவது ஞாயிறு புதியதில் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட் எல்லாம் மாற்றினேன். அந்தச் செலவை நான் 38,500இல் சேர்க்கவே இல்லை. மூன்றாவது ஞாயிறுதான் உள்ளே இறக்கி ஸ்டார்ட் செய்ய முடிந்தது. அன்று பதினேழாம் நாள். என்ஜின் அனுப்பும்போதே இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்.

சாவியைத் திருப்பினேன். நான்காவது முறையில் பிடித்தது. இருமியது. சைலன்சரில் வெள்ளைப் புகை, ஈர விறகு அடுப்பு போல. ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டது. டிப் ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது.

சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்தேன். முதல் இரண்டு சிலிண்டர்கள் 11, 10. மூன்றும் நான்கும் 5, 4. இந்த என்ஜினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ இருக்க வேண்டும், 12க்குக் கீழே இறங்கக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் ஆகாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் அவற்றின் நடுவில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக வைக்கும் கேஸ்கட் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை வீட்டுக்கு வந்த அன்றே, தரையில் வைத்தே, கியர்பாக்ஸையும் ஸ்டார்ட்டரையும் மாட்டிச் செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை. ஓடியதைத்தான் கண்ணால் பார்த்தோமே என்று விட்டுவிட்டேன்.

நேற்று இரவு ஹெட்டை எடுத்தேன். ஹெட் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டால் 0.30 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைகிறது, 0.05க்கு மேல் போகக் கூடாத இடம் அது. அதைவிடக் கேவலம் வெளியே இருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் வெள்ளிப் பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு உப்பியிருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். பெயின்ட்டோடு சேர்ந்து சாம்பல் நிறப் பத்தை ஒன்று பெயர்ந்து கையில் விழுந்தது. எம்சீல்! தண்ணீர்த் தொட்டிக் கசிவுக்குப் பிசைந்து அப்புவோமே, அதே எம்சீல். அடியில் விரிசல். நான் ஏற்காட்டில் கொன்ற என்ஜின் எந்த நோயில் செத்ததோ, அதே நோயில் எப்போதோ செத்த ஒன்றைப் பூச்சு பூசி 38,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன்.

பிறகுதான் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். 31ஆவது நொடியில் கேமரா ஒரு கணம் மேலே போகிறது. அங்கே தெரிவது இன்ஜெக்டர் குழாய்! பின்னாளில் வந்த 85 குதிரைத்திறன் எஸ்டீமின் என்ஜின் அது. எனக்கு வந்தது கார்புரேட்டர் மாடல். ஓடியது வேறு, அனுப்பியது வேறு.

இனி அவன் சொன்ன பதில்கள். ஸ்டார்ட் செய்த அன்று: "ஆயில் என்ன ஊற்றினீர்கள்?" மறுநாள்: "ரிங் செட் ஆக 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள்." ஐந்து நிமிடத்தில் நின்றுபோகிற என்ஜினை 500 கிலோமீட்டர் எங்கே ஓட்டுவது, தள்ளிக்கொண்டா? மூன்றாம் நாள் வேறு குரல்: "முதலாளி சபரிமலைக்குப் போயிருக்கிறார்." நேற்று இரவு படங்களை அனுப்பியதும்: "ஹெட்டைக் கழற்றிவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது." கழற்றாமல் எப்படித் தெரியும் என்றேன். "பதினைந்து நாளும் முடிந்துவிட்டதே தம்பி." அத்தோடு என் எண்ணைத் தடுத்துவிட்டான். மனைவியின் எண்ணிலிருந்து அழைத்தால் அதே தேன் குரல், "சொல்லுங்கள் அம்மா, எந்த வண்டிக்கு?" என் பெயரைச் சொன்னதும் துண்டித்தான்.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். பணம் கொடுக்கும் முன் பொருளை நேரில் பார்க்குமாறு பயனர்களை அறிவுறுத்துகிறோம் என்று நான்கு வரி வந்தது. நான் அனுப்பிய எதையும் மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. லாரியோடு வந்த துண்டுச் சீட்டில் "பழைய இரும்பு, 1 உருப்படி" என்று எழுதியிருக்கிறது. அது இரும்புகூட இல்லை, அலுமினியம்! பொய் சொல்வதிலும் ஒரு அக்கறை வேண்டாமா? என்ஜின் எண் பொறித்த இடத்தில் அரம் போட்ட தடம் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் என்ஜின் எண் உண்டு. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பில் காட்டி அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். இந்த என்ஜின் நன்றாகவே ஓடியிருந்தாலும் அந்தச் சீட்டோடு நான் அங்கே போய் நின்றிருக்க முடியாது. எந்தத் திருட்டு வண்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததோ.

என்ன செய்ய வேண்டும் என்று பத்து யோசனைகளாவது எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது பொறுமை இல்லை. சொல்வதைக் கேளுங்கள்: கம்ப்ரஷன் மீட்டரோடு நேரில் போகாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த என்ஜினைத் தொடாதீர்கள். வீடியோவில் என்ஜின் எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். "என்ஜின்" என்ற சொல்லும் எண்ணும் இல்லாத பில் வேண்டாம். வாரண்டியை வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்த நாளிலிருந்து கணக்கிட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் லேத் பட்டறைப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஆகவே சேலத்திலேயே போடப் போகிறேன். 38,500 ரூபாய் திரும்பி வருமா, தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மைத்துனன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். இன்று காலை ஏற்றியிருக்கிறார்கள். வேறு பெயர், வேறு ஊர், எஸ்டீம் என்ஜின், விலை 33,000. அதே மரச் சட்டம், அதே வெள்ளைத் துணி. உங்களில் யாருக்காவது அந்த வீடியோ வந்தால் 31ஆவது நொடியில் நிறுத்திப் பாருங்கள்.