ஜெராக்ஸ் கடைப் ‘பிழை நீக்க’ நோட்ஸ்: பயிற்சிக்கு வாங்கலாம், விதிக்கு வேண்டாம்

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருவாரூர் பஸ் ஸ்டாண்டுகளை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் வரிசையாகத் தொங்கத் தொடங்கும். அவற்றில் பொதுத்தமிழ்ப் ‘பிழை நீக்கம்’ என்ற மெல்லிய நோட்ஸைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்காது. விலை, பக்கக் கணக்கோடு ஸ்பைரல் கூலியும் சேர்ந்தது. முதல் பாதியில் விதிகள், அடுத்த பாதியில் பழைய வினாக்களும் பயிற்சித் தொடர்களும், கடைசியில் விடைக்குறிப்பு. ஊருக்கு ஊர் அட்டை மாறும், உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்தப் பகுதிக்குத் தனி நோட்ஸ் தேவையா என்று கேட்பவர்களுக்கு: தேவை. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ். தமிழில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதி 100 கேள்விகளின் விடை மதிப்பிடப்படாது. இப்போதைய பாடத்திட்டத்தில் இலக்கண அலகுக்கு 25 கேள்விகள், எழுதும் திறன் அலகுக்கு 15. சந்திப்பிழை, அதாவது இரு சொற்கள் சேரும் இடத்தில் ஒற்று தவறுவது, முதல் அலகில் வருகிறது. ஒருமை பன்மைப் பிழை, செய்வினை செயப்பாட்டுவினை, மரபுத் தமிழ் ஆகியவை எழுதும் திறனில் வருகின்றன. இலக்கியப் பகுதியைப் போல மனப்பாடம் செய்யும் சுமை இங்கே இல்லை. கண் பழகிவிட்டால் ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும். சராசரியாக ஒரு கேள்விக்கு 54 வினாடிதான் கிடைக்கும் தேர்வில், கணக்குக் கேள்விகளுக்கு நேரம் சேமிக்கும் இடமே இதுதான்.

முதலில் பெரிய குறை. இது நகலின் நகலின் நகல். தமிழில் ஒற்றெழுத்து என்பது தலையில் ஒரு புள்ளி. மை மங்கிய ஜெராக்ஸில் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளி. ‘கடைக்குப் போனான்’ என்று இருந்தது ‘கடைக்குப போனான்’ என்று தெரியும்; அதற்கு அடுத்த நகலில் எந்த விடையில் ஒற்று இருக்கிறது, எதில் இல்லை என்பதே கண்ணுக்குப் பிடிபடாது. ‘ஒ’வின் சுழி மையில் அடைபட்டு ‘ஓ’வாகத் தெரிவதும் உண்டு, ‘ஒரு, ஓர்’ கேள்விகளில் அதனால் குழப்பம். வேறு பாட நோட்ஸில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சந்திப்பிழைக்கான நோட்ஸில் பாடமே கெட்டுப் போகிறது. வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டி ‘க், ச், த், ப்’ நான்கின் மேலும் புள்ளி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையில் இருக்கும் மூலப் பிரதியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் மறுக்கமாட்டார்கள்.

அடுத்தது விதிப் பகுதி. வல்லினம் மிகும் இடம் (இரு சொற்களுக்கு நடுவில் க், ச், த், ப் கூடும் இடம்) ஒரு பட்டியல், மிகா இடம் ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு. காரணம் சொல்லப்படுவதில்லை. அதனால் படிப்பவர் சொல்லை மனப்பாடம் செய்கிறார், அமைப்பைப் பார்ப்பதில்லை. ‘வாழைக்காய்’ என்று பட்டியலில் பார்த்தவர், ‘வாழை’ வந்தாலே ஒற்று வரும் என்று எடுத்துக்கொள்கிறார். நம் பக்கத்து வாழையையே வைத்துப் பார்த்தால் விதி முழுவதும் விளங்கிவிடும். ‘வாழை காய்ந்தது’ என்பதில் வாழை எழுவாய். எழுவாய்க்குப் பின் வல்லினம் மிகாது. ‘வாழை பயிரிட்டார்’ என்பதில் ‘ஐ’ மறைந்திருக்கிறது, அடுத்து வினை வருகிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது. ‘வாழையைப் பயிரிட்டார்’ என்று ‘ஐ’ வெளிப்பட்டால் மிகும். ‘வாழைப் பயிர்’ என்று இரண்டு பெயர்கள் ஒன்றாகி ஒரே பொருளைக் குறித்தால் மிகும். ஆக, பார்க்க வேண்டியது அடுத்து வருவது பெயரா வினையா, உருபு வெளியே இருக்கிறதா மறைந்திருக்கிறதா என்பதை. ‘மடை திறந்தார், மடையைத் திறந்தார்’, ‘வேலை செய்தான், வேலையைச் செய்தான்’ எல்லாம் இதே கணக்கு. இந்த விளக்கத்துக்கு அரைப் பக்கம் போதும். நோட்ஸில் அது இல்லை.

வினையெச்சத்திலும் இதே குறை. ‘உகரத்தில் முடியும் வினையெச்சத்தில் மிகும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ‘கேட்டு, நட்டு, எடுத்து, விற்று’ போல உகரத்துக்கு முன் வல்லின ஒற்று இருந்தால்தான் மிகும்: கேட்டுச் சொன்னார், விற்றுப் போனார். ‘வந்து, நின்று, கண்டு’ போல மெல்லினம் இருந்தாலும், ‘செய்து’ போல இடையினம் இருந்தாலும் மிகாது: வந்து போனார், செய்து கொடுத்தார். இகரத்தில் முடிந்தால் மிகும்: ஓடிப் போனான். ‘செய’ என்னும் வாய்பாட்டில் வந்தாலும் மிகும்: வரச் சொன்னார். ஆனால் அதே அகர ஈற்றில் பெயரெச்சம் வந்தால் மிகாது: வந்த பையன். ‘வர’வும் ‘வந்த’வும் ஒரே ஓசையில் முடிகின்றன, ஒன்று வினையைத் தேடுகிறது, இன்னொன்று பெயரைத் தேடுகிறது. தேர்வில் இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எதிர்மறையிலும் ஒரு வலை உண்டு: ‘அழியாப் புகழ்’ சரி, ‘அழியாத புகழ்’ என்று ஈறு முழுமையாக இருந்தால் ஒற்று வராது.

எண்ணுப்பெயரை நோட்ஸ் சரியாகச் சொல்லியிருக்கிறது. எட்டும் பத்தும் மட்டும் மிகும்: எட்டுக் கட்டு, பத்துப் படி. ஐந்து கட்டு, ஆறு படி என்பவற்றில் மிகாது. சுட்டிலும் வினாவிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

விதிகளுக்கு இந்த நோட்ஸை நம்ப வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வல்லினம் மிகும் இடங்களும் மிகா இடங்களும் ஒழுங்காகத் தரப்பட்டுள்ளன. பி.டி.எஃப். இலவசம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கிப் படித்தாலும் சரி.

இனி நோட்ஸின் பலம். இரண்டாம் பாதியில் உள்ள ஒருமை பன்மைத் தொடர்கள் உண்மையிலேயே நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ‘மாடுகள் மேய்ந்தது’ போன்ற எளிய பிழை சில பக்கங்களுக்கு மட்டுமே. அதற்குப் பிறகு தேர்வாணையம் கேட்கும் பாணியில், எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் வேறொரு பெயரை நுழைத்த தொடர்கள் வருகின்றன. ‘கதிர்களின் நிறம் மாறின’ என்றால் காதுக்குத் தவறாகத் தோன்றாது, ‘கதிர்கள்’ முன்னே நிற்பதால். மாறியது நிறம், எனவே ‘மாறியது’. ‘கால்வாய்களில் தண்ணீர் வந்தன’ என்பதும் இதே வகை. இல், இன், உடைய, கு, ஆல் ஏதாவது ஒட்டிய பெயர் எழுவாய் ஆகாது என்பதை மனத்தில் வைத்து அந்தப் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் உண்மையான எழுவாய் தனியாக நிற்கும். ‘வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் தூர்வாரப்பட்டன’ என்பதில் ‘ஒவ்வொன்றும்’ ஒருமை. ‘தூர்வாரப்பட்டது’ என்பதே விடை.

‘அன்று, அல்ல’ பயிற்சியும் அருமை. பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ அல்லது ‘அல்ல’ என்று சொல்லிப் பழகிவிட்டதால் காது இங்கே உதவாது. அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். நான் அல்லேன், அவன் அல்லன், அவள் அல்லள், அவர்கள் அல்லர், அது அன்று, அவை அல்ல. ‘இது சம்பா நாற்று அல்ல’ என்று விடைகளில் கண்டால் தள்ளிவிடலாம்.

நோட்ஸ் சொல்லாத ஒன்று, விடையைத் தேடும் வரிசை. நான்கு விடைகளையும் முழுதாகப் படிப்பது நேர விரயம். அவை எங்கே வேறுபடுகின்றன என்பதை மட்டும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக ‘ஒவ்வொரு ஊரிலும் உழவர்கள் தன் வயலுக்கு தண்ணீர் பாய்ச்சினார்கள்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். கடைசி வினையிலிருந்து தொடங்குங்கள்: பாய்ச்சினார்கள், பலர்பால். எழுவாய் உழவர்கள், பொருந்துகிறது. எழுவாய் பன்மை என்பதால் ‘தன்’ ஆகாது, ‘தம்’. இனி ‘ஊர்’ உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘ஒவ்வோர்’. ‘வயலுக்கு’ என்பதில் ‘கு’ இருக்கிறது, அடுத்து தகரம், ‘வயலுக்குத் தண்ணீர்’. கடைசியாக ஒரு பொறி: ‘தண்ணீர்ப் பாய்ச்சினார்கள்’ என்று ஒரு விடையில் ஒற்றைச் சேர்த்திருப்பார்கள். ‘ஐ’ மறைந்து வினை வருவதால் அங்கே மிகாது. வினை, எழுவாய், தன்-தம், ஒரு-ஓர், கடைசியில் ஒற்று என்ற வரிசையில் போனால், பாதி வழியிலேயே இரண்டு விடைகள் விழுந்துவிடும். ஒற்றிலிருந்து தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் சந்தேகம் வருவதே அங்கேதான்.

செயப்பாட்டுவினைப் பகுதியில் ஒரு தவறு விடையாகவே அச்சாகியிருக்கிறது. ‘மேட்டூர் அணையைத் திறக்கப்பட்டது’ என்பது போன்ற அமைப்பைச் சரி என்று போட்டிருக்கிறார்கள். ‘படு’ வந்தால் செயப்படுபொருள் எழுவாயாகிவிடும், ‘ஐ’ போய்விடும், செய்தவர் மேல் ‘ஆல்’ ஏறும். ‘கரிகாலன் கல்லணையைக் கட்டினான்’ என்பது ‘கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது’ என்றாகும். ‘ஐ’யும் ‘பட்டது’ம் ஒரே தொடரில் இப்படிச் சேர்ந்து நின்றால் அந்த விடையை அடித்துவிடுங்கள்.

மரபுப் பிழையில் நம் ஊர்ப் பேச்சே காலை வாரிவிடும். தஞ்சைப் பக்கம் ‘வாழைக்கொல்லை’ என்பது எல்லோர் வாயிலும் வரும் சொல். தேர்வு எதிர்பார்ப்பது வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, சோளக்கொல்லை, பூஞ்சோலை. ‘வைக்கல்’ என்று பேசுகிறோம். எழுத வேண்டியது வைக்கோல், அதன் குவியல் வைக்கோல்போர். ‘நாத்து’ நாற்று ஆக வேண்டும். இளமைப் பெயர், ஒலிமரபு அட்டவணைகள் நோட்ஸில் முழுமையாக இருக்கின்றன: யானைக்கன்று, புலிப்பறழ், சிங்கக்குருளை, மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும். இவற்றைப் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, மனப்பாடம்தான். ‘சுவற்றில்’ போன்றவற்றுக்கு மட்டும் காரணம் தெரிந்துகொள்ளுங்கள்: கயிறு, வயிறு போல ‘று’வில் முடிந்தால்தான் கயிற்றில், வயிற்றில் என்று ஒற்று இரட்டிக்கும். சுவர் ‘ர்’இல் முடிகிறது, ‘சுவரில்’தான் சரி.

விடைக்குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். தேர்வாணையம் தேர்வு முடிந்ததும் முதலில் வெளியிடுவது தற்காலிக விடைக்குறிப்பு. ஆட்சேபம் கேட்டு, பிறகு இறுதி விடைக்குறிப்பை இணையதளத்தில் வெளியிடுவார்கள். நோட்ஸ்காரர்கள் அவசரத்தில் முதலாவதைப் போட்டு, மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் விற்கிறார்கள். பழைய வினாக்கள் உள்ள பக்கங்களை மட்டும் இறுதி விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, மாறிய விடைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள். ஒரு மாலை வேலை.

பாடத்திட்டம் மாறுவதற்கு முந்தைய பிரதிகளும் இன்னும் கடைகளில் தொங்குகின்றன. உள்ளடக்கத்தில் அலகு வாரியாக ‘இலக்கணம், சொல்லகராதி, எழுதும் திறன், கலைச்சொற்கள்’ என்று இருந்தால் புதியது. பழையதை எடுத்துவிட்டாலும் பிழை நீக்கப் பக்கங்கள் வீணாகாது. மற்றவற்றை மட்டும் விட்டுவிடலாம்.

பயிற்சித் தொடர்களை ஒருமுறைக்கு இருபது என்று எடுத்து, பத்து நிமிட நேரம் வைத்துப் போடுங்கள். விடையோடு நிறுத்தாமல், தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த விதி என்று இரண்டு சொல்லில் எழுத வேண்டும்: ‘பெயரெச்சம்’, ‘தன்-தம்’, ‘ஐ மறைவு’. ஒரே விதி மூன்று தடவைக்கு மேல் வந்தால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கும் நேரம் அது. கேள்வியில் ‘பிழையுள்ள தொடர் எது’, ‘பிழையற்ற தொடர் எது’ என்பதை நின்று கவனிக்கும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தெரிந்த விடையைத் தலைகீழாக நிழலிட்டுவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது; ஆகவே இரண்டு விடைகள் மிஞ்சும்போது ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்துக்குப் போக வேண்டாம், இரண்டில் ஒன்றைக் கறுப்பு மையால் நிழலிடுங்கள்.