மெர்ஜ், ஸ்குவாஷ், ரீபேஸ்: பிராஞ்சை மெயினில் எப்படிச் சேர்ப்பது?

நிரலின் மாற்றங்களைக் கமிட் கமிட்டாகப் பதிவு செய்துவைக்கும் கருவி கிட்; அந்த நிரலைக் குழுவாகப் பகிரும் தளம் கிட்ஹப். மெயின் என்ற முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்த பிராஞ்சில் வேலையை முடித்து, அதை மெயினில் சேர்க்கும்படி கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். கிட்ஹப்பில் ரிவ்யூ முடிந்து அதைச் சேர்க்கப் போனால் பட்டனுக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன: மெர்ஜ் கமிட், ஸ்குவாஷ், ரீபேஸ். 2016 வரை முதல் வழி மட்டும்தான் அங்கே இருந்தது. மூன்றும் வந்த பிறகும், எதை அமுக்குவது என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்த குழுக்கள் குறைவு. ஒருவர் ஸ்குவாஷ் செய்வார், இன்னொருவர் மெர்ஜ் செய்வார், மெயினின் வரலாறு ஆளுக்கொரு விதமாக வளரும்.

அன்றைக்கு மெயினில் சேரும் நிரல் மூன்று வழியிலும் ஒன்றேதான். வித்தியாசம் தெரிவது சில மாதம் கழித்து, ஏதோ ஒன்று உடைந்து, "இந்த வரியை ஏன் மாற்றினார்கள், எதைத் திரும்ப எடுத்தால் சரியாகும்" என்று தேடுகிற நாளில். அந்த நாளை மனதில் வைத்துத்தான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

மெர்ஜ்

மெர்ஜ் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர்: மெயினின் கடைசி கமிட், உங்கள் பிராஞ்சின் கடைசி கமிட். பிராஞ்சில் இருந்த கமிட்டுகள் ஹாஷ் (கமிட்டின் அடையாள எண்) மாறாமல் அப்படியே வந்து சேரும். லினக்ஸ் கெர்னல் இப்படித்தான் வளர்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியதே அந்த வேலைக்காகத்தான்.

வரலாறு நூல்கண்டு மாதிரிச் சிக்கிக்கொள்கிறது என்பது இதன் மேல் வைக்கப்படும் பெரிய புகார். அதில் பாதிப் பழி மெர்ஜுக்குச் சேராது. காலையில் வந்து சர்வரின் புதிய மாற்றங்களை இழுக்க மெர்ஜ் முறையில் கிட் புல் அடிக்கும்போது தானாக உண்டாகிற வெற்று மெர்ஜ் கமிட்டுகள்தான் பெரும்பாலான குப்பை. புல்லை ரீபேஸ் முறைக்கு மாற்றிவைத்தால் அது நின்றுவிடும். மீதியைப் பார்க்க, வரலாற்றைப் பட்டியலிடும் கிட் லாகில் ஃபர்ஸ்ட்-பேரண்ட் என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் மெயினில் என்னென்ன எப்போது சேர்ந்தது என்பது மட்டும் ஒரே நேர்கோட்டில் தெரியும். பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பைசெக்ட்டுக்கும் 2020-இல் வந்த 2.29 பதிப்பிலிருந்து அதே தெரிவு உண்டு. இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பலர் தொட்டுப் பார்க்காமலே மெர்ஜை வெறுக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

மெர்ஜின் உண்மையான சிக்கல் ரிவர்ட்டில், அதாவது சேர்த்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பதில், இருக்கிறது. மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்ய எந்தப் பெற்றோர் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதையாவது பிழைச் செய்தி சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்த பொறியை யாரும் சொல்லமாட்டார்கள். ரிவர்ட் செய்துவிட்டு, அதே பிராஞ்சில் பிழையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால் புதிய திருத்தம் மட்டும்தான் வரும். பழைய மாற்றங்கள் வராது, ஏனென்றால் அவை ஏற்கெனவே சேர்ந்துவிட்டன என்பது கிட்டின் கணக்கு. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொண்டால் விடிய விடிய வேலைதான்.

ரீபேஸ்

ரீபேஸ் உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மெயினின் நுனியில் புதிதாகப் போடுகிறது. உள்ளடக்கம் பழையது, ஹாஷ் புதியது. கிடைப்பது நேர்கோடு. 2010-இல் கிட்டுக்கு மாறிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், 2019-இல் மாறிய எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் இரண்டுமே மெர்ஜ் கமிட் இல்லாத நேர்கோட்டு வரலாற்றைத்தான் வைத்திருக்கின்றன.

படிக்க இதைவிடச் சுகமான வரலாறு கிடையாது. ஆனால் கவனியுங்கள்: இடம் மாறிய ஒவ்வொரு கமிட்டும் இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத ஒரு நிலை. ஐந்து கமிட்டில் கடைசியை மட்டும் டெஸ்ட் செய்துவிட்டுச் சேர்த்தால், பின்னொரு நாள் பைசெக்ட் மூன்றாவதில் போய் நிற்கும், அது கம்பைல்கூட ஆகாது. ரீபேஸ் செய்யும்போதே எக்ஸெக் தெரிவில் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் அது ஓடும். நேரம் பிடிக்கும், ஆனாலும் செய்யலாம்.

ஒரே வரியை இரு பக்கமும் மாற்றியிருந்து கான்ஃபிளிக்ட் வந்தால் இன்னொரு குழப்பம். ரீபேஸின்போது "அவர்ஸ்" என்பது மெயின், "தெயர்ஸ்" என்பது நீங்கள் எழுதியது. மெர்ஜில் பழகிய கை இங்கே தலைகீழாகத் தேர்ந்தெடுத்துத் தன் வேலையையே அழித்துவிடும். அழிந்தாலும் பதற வேண்டாம், பிராஞ்சின் நுனி முன்பு எங்கெங்கே இருந்தது என்று உங்கள் கணினியில் குறித்துவைக்கும் ரீஃப்லாகில் பழைய கமிட் இருக்கும். எங்கிருந்தும் எட்டாத கமிட்டுகளைக்கூட அது இயல்பாக 30 நாள் நினைவில் வைத்திருக்கும்.

வேறொருவரும் வேலை செய்யும் பிராஞ்சை ரீபேஸ் செய்யவே கூடாது என்பேன். தனி பிராஞ்சுக்கு, சர்வரில் உள்ள பழைய வரலாற்றின் மேல் புதியதை எழுதும் ஃபோர்ஸ் புஷ் தேவைப்பட்டால், நீங்கள் பார்க்காத கமிட் அங்கே இருந்தால் தடுக்கும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். அதையும் முழுதாக நம்பிவிட முடியாது. உங்கள் எடிட்டர் பின்னணியில் சர்வரின் புதிய கமிட்டுகளைத் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால், அடுத்தவர் போட்ட கமிட்டை நீங்கள் பார்த்துவிட்டதாக கிட் எடுத்துக்கொள்ளும், தடுக்காது.

ஸ்குவாஷ்

ஒரு புல் ரிக்வெஸ்ட், மெயினில் ஒரு கமிட். "டைப்போ", "மறுபடி முயற்சி" போன்ற இடைக்கமிட்டுகள் மறைந்துவிடும். பைத்தான் மொழியின் மூலத் திட்டமான சிபைத்தான் இந்த வழியில் போகிறது. திரும்ப எடுப்பது ஒரே கட்டளை, பைசெக்ட் எங்கே நின்றாலும் அது ரிவ்யூ ஆகி டெஸ்ட் ஓடிய நிலை. சிறு குழுவுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

விலை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய புல் ரிக்வெஸ்ட்டை ஸ்குவாஷ் செய்தால் பைசெக்ட் 2,000 வரி மாற்றம் ஒன்றைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் பிளேமும் எல்லா வரிக்கும் அதே செய்தியைத்தான் சொல்லும். அடுத்தது, ஒரு பிராஞ்சின் மேல் இன்னொன்று கட்டியிருந்தால் வரும் தொல்லை. அடியில் இருப்பது ஸ்குவாஷ் ஆனதும், மேலே உள்ளதில் இருக்கும் பழைய கமிட்டுகள் மெயினில் சேர்ந்தவைதான் என்பது கிட்டுக்குத் தெரியாது. தேவையில்லாத கான்ஃபிளிக்ட் வரிசையாக வரும். ரீபேஸின் ஆன்டூ தெரிவைக் கொண்டு அந்தப் பழையவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

எதை எடுப்பது?

பத்துப் பேருக்குள் இருக்கும் குழு, ஓரிரு நாளில் முடியும் பிராஞ்சுகள் என்றால் ஸ்குவாஷ். யோசிக்கவே வேண்டாம்.

பெரிய வேலையை ஒழுங்கான கமிட்டுகளாகப் பிரித்து எழுதும் பழக்கம் இருந்தால் எனக்குப் பிடித்தது கலப்பு வழி: முதலில் மெயினின் மேல் ரீபேஸ், அப்புறம் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆக (மெர்ஜ் கமிட் இல்லாமலே மெயின் முன்னே நகர) விடாமல் மெர்ஜ். கமிட்டுகள் நேராகவும் இருக்கும், எவை ஒன்றாக வந்தன என்பதும் தெரியும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் இதற்கென்றே செமி-லீனியர் என்ற அமைப்பு உண்டு. கிட்ஹப்பின் ரீபேஸ் பட்டனை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். எந்தக் கமிட்டுகள் ஒரே வேலையைச் சேர்ந்தவை என்ற தடயம் அதில் கிட் வரலாற்றிலிருந்தே போய்விடுகிறது.

எதை எடுத்தாலும், ரிவ்யூ நடக்கும்போது வரலாற்றை மாற்றாதீர்கள். ரிவ்யூ செய்பவர் நேற்று பார்த்ததற்குப் பிறகு என்ன மாறியது என்று தேடித் திண்டாடுவார். திருத்தங்களை, எந்தக் கமிட்டுக்கு உரியவை என்று குறிக்கும் ஃபிக்ஸப் கமிட்டாகப் போட்டுக்கொண்டே வந்து, ஒப்புதல் கிடைத்ததும் ஆட்டோஸ்குவாஷ் மூலம் அந்தந்தக் கமிட்டோடு இணைத்துவிட்டால் போதும். குழுவில் ஒரு வழி முடிவானதும் ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) செட்டிங்ஸில் மற்ற பட்டன்களை அணைத்துவிடுங்கள். புதிதாகச் சேர்பவரிடம் விதியை வாயால் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.