ஜிடிபியா, தேசிய வருமானமா?

நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியானது எல்லாம் ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சேரும். பணம் யார் கைக்குப் போகிறது என்று அது பார்ப்பதில்லை. தேசிய வருமானம் அதைத்தான் பார்க்கிறது. தொழிற்சாலை, வேலைவாய்ப்பு பற்றிப் பேச ஜிடிபி போதும். மக்கள் கையில் என்ன தங்கியது என்று கேட்டால் நான் தேசிய வருமானத்தையே எடுப்பேன்.

அயர்லாந்தைப் பாருங்கள். 2015-இல் அங்கே ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவித்தார்கள். மக்களின் சம்பளம் அப்படி ஏறவே இல்லை! பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அந்நாட்டுக் கணக்குக்கு மாற்றியதுதான் முக்கியக் காரணம். தேசிய வருமானமும் சேர்ந்து வீங்கியதால், அதைத் திருத்திய தனி அளவீடு ஒன்றை 2017-இல் கொண்டுவந்தார்கள்.

பிலிப்பைன்ஸில் கதை வேறு. வெளிநாட்டில் உழைப்பவர்களின் சம்பளமும் சேர்வதால் அங்கே ஜிடிபியைவிட தேசிய வருமானம் பெரிது.